வயிற்று மாத்திரையும் வெறும் வானமும்

காவலூரில் ஒரு மங்கலான விண்மீனின் ஒளியை அளப்பவர் அந்த விண்மீனை மட்டும் அளப்பதில்லை. அதன் பக்கத்தில் எதுவுமே இல்லாத வானத்தையும் சேர்த்து அளக்கிறார். நிலவில்லாத இரவிலும் வானம் முழு இருட்டாக இருப்பதில்லை. காற்றுமண்டலத்துக்கென்று ஒரு மெல்லிய ஒளி உண்டு. அடிவாரத்து ஊர்களின் விளக்கொளியும் அதோடு கலக்கும். கருவியில் விழுந்த மொத்த ஒளியிலிருந்து வெறும் வானத்தின் பங்கைக் கழித்தால்தான் விண்மீனுடையது எவ்வளவு என்று தெரியும். ஜவ்வாது மலையில் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிற வைனு பாப்பு வானாய்வகத்தில் 1960களின் இறுதியிலிருந்து இந்தக் கழித்தல் நடந்துவருகிறது. 1986 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் அதே கணக்குதான்.

மருந்தைச் சோதிப்பவர்களும் இதையே செய்கிறார்கள். மாத்திரை சாப்பிட்ட நூறு பேரில் எத்தனை பேருக்குக் குணம் தெரிந்தது என்பது மொத்த ஒளி. பார்க்க அதேபோல இருந்தாலும் உள்ளே மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைச் சாப்பிட்ட நூறு பேரில் எத்தனை பேருக்குக் குணம் தெரிந்தது என்பது வெறும் வானம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மருந்தின் சொந்தச் சரக்கு. ஐபிஎஸ் என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் குடல் எரிச்சல் நோயில் இந்த வானம் மிகவும் வெளிச்சமானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ, சில ஆய்வுகளில் அதற்கும் மேலோ, "இப்போது பரவாயில்லை" என்கிறார்கள். ஆகவே இந்த நோய்க்கான எந்த மருந்தைப் பற்றியும் "எத்தனை பேருக்குக் கேட்டது?" என்று மட்டும் கேட்டால் போதாது. கழித்த பிறகு மிச்சம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது, சாதாரண மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய சரக்குகள் புதிய, விலை கூடிய மருந்துகளுக்குச் சற்றும் இளைத்தவையல்ல என்பது தெரிகிறது.

எது ஐபிஎஸ்?

வயிறு முறுக்கி வலிக்கும். வெளிக்குப் போய்வந்தால் வலி குறையும், சிலருக்குக் கூடும். சாப்பிட்ட கையோடு ஓட வேண்டியிருக்கும். அல்லது முக்கி முக்கி உட்கார்ந்தும் முழுசாகப் போன நிறைவே இருக்காது. உப்புசம், இரைச்சல், சளி போன்ற கழிவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கலவை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், குடல் உள்நோக்கிப் பரிசோதனை எதிலும் காரணம் அகப்படாது. குடலின் வடிவத்தில் கோளாறில்லை; அதன் ஓட்டத்திலும் உணர்விலும் கோளாறு. பிறருக்குத் தெரியாமலே போகும் அளவு வாயு, இவர்களுடைய குடல் நரம்புகளில் வலியாகப் பதிவாகிறது.

இந்த நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பின்பற்றும், 2016இல் வெளியான நான்காவது ரோம் வரையறைப்படி, கடந்த மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருந்திருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வலி மலம் கழிப்பதோடு சேர்ந்து வருவது, போகும் எண்ணிக்கை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பேதி மிகுந்த வகை, மலச்சிக்கல் மிகுந்த வகை, இரண்டும் மாறி மாறி வரும் வகை என்று நோயைப் பிரிப்பார்கள். மருந்து தேர்வுக்கு இந்தப் பிரிவுதான் அடிப்படை. ஒரு வகைக்கு உதவுவது மற்றொரு வகைக்கு வம்பாகிவிடும்.

இந்திய இரைப்பைக் குடலியல் சங்கத்தின் பணிக்குழு 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நாட்டின் பல மையங்களில் 2,785 நோயாளிகளையும் 4,500 பொதுமக்களையும் விசாரித்துச் செய்த ஆய்வு அது. பொதுமக்களில் 4.2 சதவீதம் பேருக்கு ஐபிஎஸ் இருந்தது. மேலைநாட்டு அளவுகோல் நம் வயிற்றுக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் அந்த ஆய்வு உணர்த்தியது. வாரத்துக்கு மூன்று முறைக்குக் குறைவாகப் போனால் மலச்சிக்கல் என்பது அங்கே கணக்கு. நம் ஊரில் தினம் ஒருமுறை போகிறவர்கூட "எனக்கு மலச்சிக்கல்" என்று சொல்லி மருத்துவரிடம் வருகிறார். இறுகிப் போவதையும் முக்குவதையும்தான் அவர் அப்படிச் சொல்கிறார். எண்ணிக்கையை மட்டும் பார்த்து வகை பிரித்தால் அவருக்குத் தவறான மருந்து போய்ச் சேரும். அதனால்தான் மலத்தின் வடிவத்தை ஏழு படங்களாகப் பிரித்துக் காட்டும் பிரிஸ்டல் அட்டவணையை மருத்துவர்கள் நோயாளியிடம் நீட்டுகிறார்கள்.

மலையில் முதல் கேள்வி வேறு

ஐபிஎஸ் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஜவ்வாது மலைப் பகுதியில் ஒரு கேள்வியைத் தாண்டி வர வேண்டும்: இது உண்மையிலேயே ஐபிஎஸ்தானா?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஜவ்வாது மலைப் பழங்குடிக் கிராமங்களில் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவர்களில் பத்தில் ஏறத்தாழ நான்கு பேருக்கு மண்வழிப் பரவும் குடற்புழு இருந்தது. அதில் பெரும்பாலும் கொக்கிப்புழு. பின்னாளில் டீவார்ம்3 என்ற பன்னாட்டுக் குடற்புழு ஆய்வு பெனின், மலாவி, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் நடந்தபோது, இந்தியாவுக்கான களமாகத் தேர்ந்தெடுத்தவை திமிரியும் ஜவ்வாது மலையும்தான். கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும், வயிற்றுவலியும் தரும். அதற்கு வேண்டியது அல்பெண்டசோல். வயிற்றுப் பிடிப்பு மாத்திரை அதற்குக் கேட்காது.

இன்னும் பின்னால் போனால், 1960களின் தொடக்கத்தில் இந்த மண் அடங்கிய அன்றைய வடாற்காடு மாவட்டக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளைநோய்போலப் பரவியது. விடாத வயிற்றுப்போக்கு, எடை இழப்பு, சோகை. வேலூரில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும் அதற்கு மருந்து. இன்று அது அரிதாகிவிட்டாலும், நம் நாட்டில் நாள்பட்ட வயிற்றுப்போக்கைப் பார்க்கும் மருத்துவர் மனதில் அதற்கும் குடல் காசநோய்க்கும் இடம் இருந்தாக வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு தவறும் உண்டு; ஊர்களில் அது இன்னும் அதிகம். மலப் பரிசோதனையில் "அமீபா இருக்கு" என்று சீட்டு வரும், மெட்ரோனிடசோல் எழுதப்படும், அடுத்த மாதம் மறுபடியும் அதே சீட்டு, அதே மாத்திரை. நோய் உண்டாக்கும் என்டமீபா ஹிஸ்டோலிடிகாவும், எந்தத் தீங்கும் செய்யாத என்டமீபா டிஸ்பாரும் சாதாரண நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும். இவை இரண்டும் வேறு வேறு இனங்கள் என்பது 1993இல்தான் முறையாக நிலைநாட்டப்பட்டது. ஐபிஎஸ் உள்ள பலர், குடலில் சும்மா குடியிருக்கும் ஒரு ஜீவனுக்காக ஆண்டுக்கணக்கில் கசப்பு மாத்திரை விழுங்கியிருக்கிறார்கள். உண்மையான குடல் தொற்று வந்துபோன பிறகு ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஐபிஎஸ் தொடங்கலாம் என்பதும் நிஜம். ஆனால் அந்த நிலையில் கிருமி போய்விட்டிருக்கும். அது விட்டுப்போன நரம்பு எரிச்சல்தான் மிச்சம். அதற்குக் கிருமிக்கொல்லி திரும்பத் திரும்பத் தேவையில்லை.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, சோகை, காய்ச்சல், நாற்பத்தைந்து ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐபிஎஸ் என்று முத்திரை குத்தாமல் மேலே பரிசோதிக்க வேண்டும். தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கும் அந்தப் பட்டியலில் உண்டு. இதில் இரவு வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு நுணுக்கம். தொலைநோக்கி இயக்குபவருக்கும், ஆலையில் இரவுப்பணி செய்பவருக்கும், காவலாளிக்கும் இரவு இரண்டு மணி வயிற்றுத் தொல்லை அபாய அறிகுறியல்ல; அவர்கள் விழித்திருக்கும் நேரம் அது. பகலில் அவர்கள் தூங்கும்போது எழுப்புகிறதா என்று கேட்க வேண்டும். குடலுக்கும் ஒரு நாள்-இரவுக் கடிகாரம் உண்டு. பகலும் இரவும் மாறி மாறி வேலை பார்க்கும் அமெரிக்கச் செவிலியர்களிடம், பகல் வேலை மட்டும் பார்ப்பவர்களைவிட ஐபிஎஸ் அதிகம் இருந்ததாக 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

உமியும் பிடிப்பு மாத்திரையும்

இனி மருந்துகள். மிகப் பழையதிலிருந்து தொடங்கலாம். குஜராத்தின் ஊஞ்சா சந்தை வழியாக நம் கடைகளுக்கு வரும் இசப்கோல், ஒரு சிறு செடியின் விதை உமி. தண்ணீரில் ஊறி வழவழப்பாகும் இந்த நார்ச்சத்தைக் குடல் செரிப்பதில்லை. அது மலத்துக்கு உடம்பு கொடுக்கிறது: இறுகியதை இளக்கும், இளகியதை ஓரளவு கெட்டியாக்கும். நெதர்லாந்தில் 275 நோயாளிகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், தினம் 10 கிராம் இசப்கோல் சாப்பிட்டவர்களில் முதல் மாதத்தில் 57 சதவீதம் பேருக்குப் போதிய நிவாரணம். கோதுமைத் தவிடு சாப்பிட்டவர்களில் 40. வெற்றுப் பொடி சாப்பிட்டவர்களில் 35. கழித்துப் பாருங்கள்: இசப்கோலின் சொந்தப் பங்கு 22, தவிட்டின் பங்கு வெறும் 5. "நார்ச்சத்து சாப்பிடுங்க" என்ற பொத்தாம்பொதுவான அறிவுரையில் உள்ள ஓட்டை இதில் தெரிகிறது. கரையும் நார் உதவுகிறது; தவிடு சிலருக்கு உப்புசத்தையும் வலியையும் கூட்டுகிறது. இசப்கோலையும் ஒரே நாளில் முழு அளவில் தொடங்காமல், நிறையத் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

அடுத்து, மருந்துக்கடையில் "வயித்துவலி மாத்திரை" என்று கேட்டால் கைக்கு வருகிறவை: டைசைக்ளோமின், ஹையோசின், மெபெவெரின், ட்ரோடாவெரின். குடல் சுவரின் மென்தசை இறுகிப் பிடிப்பதைத் தளர்த்துவது இவற்றின் வேலை, வழிகள்தான் வேறு. டைசைக்ளோமினும் ஹையோசினும் தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற செய்தியைத் தடுக்கின்றன. அதே செய்தி உமிழ்நீருக்கும் கண்ணுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போவதால் வாய் வறளும், பார்வை மங்கும்; ஆகவே கண் அழுத்த நோய் உள்ளவர்களும் புராஸ்டேட் வீங்கிய முதியவர்களும் டைசைக்ளோமினைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. புதினா வகையிலிருந்து எடுக்கும் பெப்பர்மின்ட் எண்ணெயும் இந்தக் குடும்பம்தான். அதிலுள்ள மென்தால், தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாசலை அடைக்கிறது. வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரையும் உறையில் அடைத்தால் நெஞ்செரிச்சல் குறைகிறது.

2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிடிப்பு மருந்துகளால் ஒருவர் கூடுதலாகப் பலன் பெற ஐந்து பேருக்கு அவற்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. நார்ச்சத்துக்கு அந்த எண் பதினொன்று. பெப்பர்மின்ட் எண்ணெய்க்கு இரண்டரை. பழைய ஆய்வுகள் பல சிறியவை, கட்டுப்பாடு குறைந்தவை என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். பெப்பர்மின்ட் எண்ணெயை நெதர்லாந்தில் 190 பேரிடம் கண்டிப்பான முறையில் சோதித்து 2020இல் முடிவு வெளியானபோது, முதன்மை இலக்கை அது எட்டவில்லை. வலி குறைந்ததுபோன்ற துணை இலக்குகளில் மட்டுமே முன்னேற்றம் தெரிந்தது.

இந்த வரிசையில் நம் நாட்டில் காணும் ஒரு சிக்கல், பிடிப்பு மருந்தோடு குளோர்டயசெபாக்சைடு என்ற அமைதியூட்டும் மருந்தைச் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்பது. முதல் வாரம் சுகமாக இருக்கும். பல மாதம் தொடர்ந்தால் உடல் அதற்குப் பழகிவிடும். நிறுத்தினால் தூக்கம் கெடும், பதற்றம் கூடும், அதைப் பார்த்து "நோய் திரும்பிவிட்டது" என்று தோன்றும். 2014 மார்ச்சிலிருந்து குளோர்டயசெபாக்சைடு எச்1 பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதிவைக்கவும் வேண்டும்.

செரட்டோனின்: ஏறியதும் விழுந்ததும்

உடலிலுள்ள செரட்டோனினில் சுமார் 95 சதவீதம் இருப்பது குடலில். சாப்பாடு குடல் சுவரை அழுத்தும்போது அங்குள்ள சிறப்புச் செல்கள் அதைச் சுரக்கின்றன. அது நரம்புகளைத் தூண்டிக் குடலை நகர்த்துகிறது. வலி, குமட்டல் உணர்வுகளையும் மூளைக்கு அனுப்புகிறது. அப்படியானால் மூன்றாம் வகை செரட்டோனின் ஏற்பியை அடைத்தால் பேதி நிற்கும். நான்காம் வகையைத் தூண்டினால் மலச்சிக்கல் நீங்கும். காகிதத்தில் கணக்கு அழகாக இருந்தது.

முதல் வழியில் வந்தது அலோசெட்ரான். 2000 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி தந்தது. அதே ஆண்டு நவம்பரில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. குடலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து திசு அழுகும் நிலையும், அறுவை சிகிச்சை வரை போன மலச்சிக்கலும், உயிரிழப்புகளும் பதிவாகியிருந்தன. மருந்து பலனளித்த நோயாளிகளே அதைத் திரும்பக் கொண்டுவரக் கேட்டுக் குரல் எழுப்பினார்கள். 2002 ஜூனில், கடுமையான பேதி வகை உள்ள பெண்களுக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு அது திரும்பியது.

இரண்டாம் வழியில் வந்தது டெகாசெராட். மலச்சிக்கல் வகைக்காக 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து 2007 மார்ச்சில் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆய்வுத் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மருந்து சாப்பிட்ட 11,614 பேரில் 13 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்பு. வெற்று மாத்திரை சாப்பிட்ட 7,031 பேரில் ஒருவருக்கு. ஆயிரத்தில் ஒருவருக்குச் சற்று மேல் என்பது சிறிய எண்தான். ஆனால் ஐபிஎஸ் உயிரைப் பறிக்கும் நோயல்ல. உயிரைப் பறிக்காத நோய்க்கான மருந்து உயிரோடு விளையாடக் கூடாது என்பதே அளவுகோல். இந்தியாவில் அது 2011 மார்ச்சில் தடை செய்யப்பட்டது.

இந்தக் கதையின் ஓரத்தில் ஒரு பழைய மாத்திரை நிற்கிறது. வாந்திக்கு எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஓன்டான்செட்ரானும் அதே மூன்றாம் வகை ஏற்பியைத்தான் அடைக்கிறது. இங்கிலாந்தில் 120 பேதி வகை நோயாளிகளிடம் சோதித்து 2014இல் வெளியான ஆய்வில், மலம் கெட்டிப்பட்டது, அவசரமாக ஓடுவதும் உப்புசமும் குறைந்தன. வலியில் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. பேதியை நிறுத்தும் லோபெரமைடுக்கும் இதே குறை. ஓட்டத்தை அது கட்டும், வலியைத் தொடாது. பேருந்துப் பயணத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் முன்னால் ஒன்று போட்டுக்கொள்ள உதவும் மருந்து அது.

பேதி விஷத்திலிருந்து மலச்சிக்கல் மருந்து

மலச்சிக்கல் வகைக்கு வந்த லினாக்ளோடைடின் பிறப்பு விசித்திரமானது. ஈ.கோலி கிருமிகளில் ஒருவகை சுரக்கும் விஷம், குடல் செல்லின் மேற்பரப்பில் உள்ள குவானைலேட் சைக்ளேஸ்-சி என்ற ஏற்பியைத் தூண்டிவிடும். செல் உப்பையும் நீரையும் குடலுக்குள் கொட்டும். ஆள் நீராகப் போவார். அந்த விஷத்தின் வேலையை அளவோடு செய்தால் இறுகிப் போனவருக்கு வழிவிடுமே என்ற யோசனையில் 14 அமினோ அமிலங்கள் கொண்ட மூலக்கூறு ஒன்றைச் செய்தார்கள். அது ரத்தத்தில் சேர்வது மிகமிகக் குறைவு, குடலோடு நின்றுவிடும். குடலின் வலி நரம்புகளின் கூச்சத்தையும் ஓரளவு தணிக்கும். 2012 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் முக்கியப் பக்கவிளைவு, எதிர்பார்க்கக்கூடியதுதான்: வயிற்றுப்போக்கு.

அதே 2012இல் நார்வேயில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 32 பேருக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்த வயிற்றுப்போக்கின் காரணம் தெரியவந்தது: இதே ஏற்பியின் மரபணுவில் ஒரு திரிபு. அவர்களின் ஏற்பி கொஞ்சம் தூண்டினாலே அதிகமாக வேலைசெய்கிறது. அந்தக் கண்டுபிடிப்பில் நார்வே மருத்துவர்களோடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சந்தியா விஸ்வேஸ்வரையாவின் ஆய்வகமும் பங்கெடுத்தது. அவர் பல்லாண்டுகளாக இந்த ஏற்பியையே ஆராய்ந்துவருபவர். ஐபிஎஸ் என்று ஒரே பெயரில் நாம் கட்டிவைத்திருக்கும் மூட்டைக்குள் பல தனித்தனி நோய்கள் இருக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று. ஒரே மருந்து எல்லாருக்கும் கேட்காததற்குப் பாதிக் காரணமும் அதுவாகவே இருக்கலாம்.

குடல் கிருமிகளைக் குறிவைத்து வந்தது ரிஃபாக்ஸிமின். ரத்தத்தில் அதிகம் சேராத கிருமிக்கொல்லி. 1,260 பேர் பங்கேற்ற இரட்டை ஆய்வுகள் 2011இல் வெளியாயின: தினம் மூன்று வேளை 550 மில்லிகிராம், இரண்டு வாரம். நிவாரணம் கண்டவர்கள் 40.7 சதவீதம், வெற்று மாத்திரையில் 31.7. கழித்தால் 9. பேதி வகைக்கு 2015இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. சில மாதங்கள் கழித்துத் தொல்லை திரும்புகிறவர்களும் கணிசம். அப்போது மறுபடியும் ஒரு சுற்று. கிருமிக்கொல்லிகளைக் கண்டபடி கொடுத்துப் பழகிய நம் நாட்டில், 9 என்ற மிச்சத்துக்காக அதை முதல் மருந்தாக எடுப்பது சரியா என்று யோசிக்க இடமிருக்கிறது.

மூளைக்கும் குடலுக்கும் நடுவே

மிகப் பழைய மன அழுத்த மருந்துகளில் ஒன்றான அமிட்ரிப்டிலின் இந்த நோயில் மன அழுத்தத்துக்காகக் கொடுக்கப்படுவதில்லை. மன அழுத்தத்துக்குத் தேவைப்படும் அளவில் சிறு பங்கே இதில் போதும். குடலிலிருந்து மூளைக்குப் போகும் வலிச் செய்தியை அது மட்டுப்படுத்துகிறது. குடல் ஓட்டத்தையும் சற்றே மெதுவாக்குகிறது. "எனக்குப் பைத்தியமா?" என்ற பயத்தில் பலர் சீட்டைக் கிழித்துப்போட்டிருக்கிறார்கள். மருத்துவர் ஒரு நிமிடம் ஒதுக்கி இதை விளக்கினால் போதும், பாதிப் பிரச்சினை தீரும்.

இங்கிலாந்தில் 55 பொது மருத்துவர் நிலையங்களில், வழக்கமான முதல் சிகிச்சையில் குணம் காணாத 463 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. 2023இல் முடிவு வெளியானது. இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் நோயாளியே 30 வரை கூட்டிக்கொள்ளலாம். ஆறு மாதக் கடைசியில் நிவாரணம் கண்டவர்கள் 61 சதவீதம். வெற்று மாத்திரையில் 45. மிச்சம் 16. வாய் வறட்சி, தூக்கக் கலக்கம், மலச்சிக்கல் ஆகியவை பக்கவிளைவுகள். அதனால் பேதி வகைக்கு இது நன்கு ஒத்துப்போகும். மலச்சிக்கல் வகைக்கு மருத்துவர் யோசிப்பார். இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களிடம் கவனம் தேவை.

தூக்கத்தின் பக்கத்திலிருந்தும் ஒரு முயற்சி நடந்தது. சிங்கப்பூரில் தூக்கக் கோளாறும் ஐபிஎஸ்ஸும் சேர்ந்திருந்த 40 பேருக்கு இரவில் 3 மில்லிகிராம் மெலடோனின் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது. தூக்கத்தின் அளவீடுகள் மாறவில்லை, வயிற்றுவலி குறைந்தது. மெலடோனின் குடலிலும் சுரக்கும் பொருள் என்பதால் அது நேராகக் குடலிலேயே வேலை செய்திருக்கலாம். ஆனால் நாற்பது பேர், இரண்டு வாரம் என்பது முடிவு கட்டப் போதாது. இரவுப்பணி பார்ப்பவர்கள் நம்பிக்கையோடு கவனிக்க வேண்டிய திசை என்று மட்டும் சொல்லலாம்.

கழித்த வானமும் நோயாளிக்கு உரியதே

எண்களைக் கழித்துக்கொண்டே போனதில் ஒன்று விடுபட்டுவிடக் கூடாது. ஆய்வாளருக்கு வேண்டியது மிச்சம் மட்டும். நோயாளிக்குக் கிடைப்பது மொத்தமும். இசப்கோல் ஆய்வில் வெற்றுப் பொடியால் நிவாரணம் கண்ட 35 சதவீதம் பேருடைய நிம்மதி பொய்யல்ல. அவர்களுக்கு வலி குறைந்தது நிஜம். சிலருக்கு நோயே ஏறி இறங்கும் இயல்புடையது. மோசமான நாளில் மருத்துவரிடம் போகிறோம், அடுத்த வாரம் தானாகவே இறங்குகிறது. சிலருக்கு, யாரோ காதுகொடுத்துக் கேட்டார்கள், புற்றுநோய் இல்லை என்று சொன்னார்கள் என்பதே குடலைத் தளர்த்துகிறது. மூளையும் குடலும் ஓயாமல் பேசிக்கொள்ளும் நோயில் இது வியப்பில்லை.

2010இல் ஹார்வர்டின் டெட் கேப்சக் குழு 80 நோயாளிகளிடம் ஒரு துணிச்சலான சோதனை நடத்தியது. ஒரு பிரிவினருக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். அது வெற்று மாத்திரைதான் என்று வெளிப்படையாகச் சொல்லியே கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் போதிய நிவாரணம் கண்டவர்கள் 59 சதவீதம். மாத்திரையே இல்லாமல் அதே கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 35.

நம் நாட்டிலும் இதை ஒட்டிய ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் 169 நோயாளிகளிடம் நடந்து 1989இல் வெளியான ஆய்வில், நீர்ப்பிரம்மியும் வில்வமும் சேர்ந்த ஆயுர்வேதக் கலவைக்கு 64.9 சதவீதம் பேரிடமும், குளோர்டயசெபாக்சைடு, கிளிடினியம், இசப்கோல் சேர்ந்த அன்றைய வழக்கமான சிகிச்சைக்கு 78.3 சதவீதம் பேரிடமும், வெற்று மாத்திரைக்கு 32.7 சதவீதம் பேரிடமும் குணம் தெரிந்தது. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் பின்தொடர்ந்தபோது, நோய் திரும்புவதைத் தடுப்பதில் இரண்டு சிகிச்சைகளும் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. நாட்டு மருந்தோ ஆங்கில மருந்தோ, இந்த நோயை வேரோடு பிடுங்கியதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்பாமலிருக்க இந்த ஓர் ஆய்வே போதுமான காரணம்.

பட்டியலில் ஏற்கெனவே இருப்பவை

இசப்கோல் 22, அமிட்ரிப்டிலின் 16, ரிஃபாக்ஸிமின் 9 என்று வரிசைப்படுத்திவிடலாம் போலத் தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. ஒவ்வோர் ஆய்விலும் நோயாளிகள் வேறு, காலம் வேறு, "நிவாரணம்" என்பதை அளந்த விதமும் வேறு. நேருக்கு நேர் மோதவிடாத மருந்துகளில் முதல் பரிசு யாருக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைத் தயங்காமல் சொல்லலாம். இசப்கோல், டைசைக்ளோமின், அமிட்ரிப்டிலின் மூன்றும் 2022 செப்டம்பரில் வெளியான இந்திய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கின்றன. மூன்றும் மலிவு. புதிய மருந்துகள் எதுவும் இவற்றைவிடத் தெளிவாக உயர்ந்தது என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. காவலூர், ஆலங்காயம் பக்கத்தில் ஒருவருக்கு ஐபிஎஸ் என்று உறுதியான பிறகு, பெரும்பாலான சமயம், பெரிய நகரத்துக்கு ஓடினால்தான் கிடைக்கும் என்ற மருந்து எதுவும் இல்லை. ஓட வேண்டிய தேவை இருந்தால் அது நோயை உறுதி செய்வதற்காக இருக்கும். அபாய அறிகுறி இருந்தால் அந்த ஓட்டத்தைத் தள்ளிப்போடவே கூடாது.

மருந்து தொடங்குபவர் செய்ய வேண்டியது எளிது. தன்னை மிகவும் வாட்டும் ஒரே தொல்லையை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்: வலியா, ஓட்டமா, இறுகுவதா, உப்புசமா. நாலு தொல்லையையும் ஒன்றாகக் கொட்டினால் நாலு மாத்திரை வரும். எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு தொல்லைக்கு ஒரு மருந்து என்று தொடங்கி, ஒரு நோட்டில் தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை, எத்தனை முறை போனது, எந்த வடிவம் என்று மூன்றே எண்கள் எழுதிவந்தால், நான்கு வாரத்தில் பதில் கிடைத்துவிடும். அமிட்ரிப்டிலினுக்கு மட்டும், அளவைக் கூட்டிப் பார்க்க இன்னும் சில வாரம் வேண்டும். எண் இறங்கவில்லை என்றால், மேலே இன்னொன்றைச் சேர்க்காமல், முதலில் அதை நிறுத்துவதா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஐபிஎஸ் நோயாளியின் சீட்டு ஆண்டுக்காண்டு நீள்வதற்குக் காரணம், எழுதப்பட்டவை வேலை செய்ததல்ல. வேலை செய்யாதவற்றை யாரும் அடித்துவிடாததுதான்.